நீல வண்டியின் மேல்தோல்

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஆனால் ஒரு வண்டியைக் கழுவத் தெரியாது. டெப்போவில் அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். காலையில் ஏறி உட்காருவேன், கண்ணாடியைச் சரி செய்வேன், கிளப்பிவிடுவேன். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது, என்ஜின் சத்தத்தில் என்ன குறை என்பதுதான் எனக்குத் தெரிந்த வண்டி. பெயிண்ட் என்பது வெளியே நின்று பார்க்கிறவர்களின் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

நானும் வெளியே நின்று பார்க்கிறவனாக ஆனது ஒரு மத்தியான நேரத்தில். பாபநாசம் போகிற வண்டி. கல்லிடைக்குறிச்சி நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்து, கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தும் நான் வண்டியை எடுக்கவில்லையாம். மூன்றாவது விசிலுக்கும் எடுக்கவில்லை. அவர் முன்னால் வந்து பார்த்தபோது சட்டை முழுக்க நனைந்து, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்திருக்கிறேன். சர்க்கரை இறங்கிவிட்டது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் தன் பையிலிருந்த கடலை மிட்டாயை உடைத்து என் வாயில் வைத்திருக்கிறார். வலது கால் மட்டும் பிரேக்கை விட்டு இறங்கவே இல்லை. அதுவே ஐந்து நிமிடம் கழித்து வாய்க்கால் ஓரத்து வளைவில் நடந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

அதன் பிறகு பஸ் கிடையாது. மீதியிருந்த இரண்டு வருடமும் டெப்போவில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிய வண்டிகள் எத்தனை மணிக்குப் போயின, எத்தனை மணிக்கு வந்தன என்று எழுதினேன். பிறகு ஓய்வு.

ஓய்வு என்று எவன் பேர் வைத்தானோ தெரியவில்லை. காலை நான்கு மணிக்கு முழிப்பு வந்துவிடும். நான்கே முக்காலுக்குக் குளித்து முடித்து, ஏதோ முதல் டிரிப்புக்குப் போகிறவன் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை இருந்தது. எட்டரைக்கு அவள் கிளம்பிப் போனால் சாயங்காலம் ஐந்து வரை வீட்டில் நான் ஒருவன்தான். ஒரே பேப்பரை மூன்று தடவை படிப்பேன். தெருமுனை வரை நடந்து போய், எதற்காக வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவேன். கால் ஓரிடத்தில் நிற்காது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வலது பாதம் தானாகத் தரையை அழுத்தும், விடும். மனைவி பார்த்துவிட்டு, "யாரு குறுக்க வாரா?" என்று கேட்பாள்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஒரே மகள் போன வருடம் மே மாதம் விடுமுறைக்கு வந்தாள். வந்த ஒரு மாதத்தில் சுற்றித் திரிய வேண்டும் என்று ஒரு கார் வாங்கினாள். கருநீலம். மருமகன்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று, மாமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு மகள் சாவியை என் கையில் தராமல் அவள் அம்மா கையில் கொடுத்தாள்.

"அப்பா, கோவப்படாதீங்க. நீங்க ஸ்டியரிங்ல கை வைக்கக் கூடாது. திருப்பி ஒருவாட்டி சுகர் இறங்குச்சுன்னா பக்கத்துல யாரு இருக்கா?"

"அப்போ இது என்னத்துக்கு இங்கன நிக்கணும்?"

"நாங்க வரும்போது வேணும்லா. அதுவரைக்கும் நல்லா கழுவித் தொடச்சு வைங்க. பெயிண்ட் போகாம பாத்துக்கோங்க. வாரத்துல ஒருக்க அம்மாவ ஸ்டார்ட் பண்ணச் சொல்லி பத்து நிமிஷம் ஓடவிட்டு நிப்பாட்டுங்க. நின்ன இடத்துலயே."

நின்ன இடத்துலயே. அந்த வார்த்தை பல நாள் காதில் கிடந்து அரித்தது.

சரி, கழுவுவோம் என்று மறுநாளே இறங்கினேன். காலை பத்து மணி, நல்ல வெயில். போர் தண்ணீரை வாளியில் பிடித்து, சமையல்கட்டிலிருந்து பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியை ஊற்றி, என் பழைய பனியன் ஒன்றைக் கிழித்து, வண்டியைப் போட்டுத் தேய்த்தேன். நன்றாக அழுத்தித் தேய்த்தேன். அழுக்கு என்றால் அழுத்தினால்தானே போகும்? ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அம்மை போட்ட மாதிரி இருந்தது. நனைத்த துணியால் துடைத்தேன். காய்ந்ததும் திரும்ப வந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நகக் கோடு விழுந்தது.

எங்கள் தெருமுனையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் மேலப்பாளையத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். போய்க் கூட்டி வந்தேன். அவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து, முகத்தைப் பக்கவாட்டில் வைத்து, வெயில் படுகிற கோணத்தில் பார்த்தார்.

"அண்ணாச்சி, என்னத்தப் போட்டுத் தேச்சீய?"

சொன்னேன்.

"போச்சு. இன்னா, பைய குனிஞ்சு பாருங்க. சிலந்தி வலை மாரி தெரியுதா?"

தெரிந்தது. பானெட் முழுக்க வட்டம் வட்டமாக, நூல் இழை மாதிரிக் கீறல்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாய்ந்து பார்த்தால் அத்தனையும் இருந்தது.

"இதெல்லாம் ஒங்க பனியன் போட்ட கோடு. தூசியோட சேத்துத் தேச்சா மணல் போட்டுத் தேச்ச கணக்குத்தான். அண்ணாச்சி, நீங்க பாக்க நீலம் அடியில இருக்கு. அதுக்கு மேல கண்ணாடி மாரி ஒரு தோல் அடிச்சிருக்கான். கிளியர் கோட்டு. பளபளப்பு பூரா அந்தத் தோல்தான். காகிதத்த விட மெல்லிசு. அது இருக்க வரைக்கும்தான் வண்டிக்கு முகம்."

அன்றைக்கு அவர் நின்று நிதானமாகச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். வெயிலில் கழுவக் கூடாது. போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் வருகிற அன்று பிடித்து வைத்துக் கழுவ வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்க வேண்டும், பிறகுதான் துணி. இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச. மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்குப் போட்ட துணி மேலே ஏறவே கூடாது. காக்கை எச்சத்தைத் தேய்க்காமல் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். கடைசியில் மெழுகுப் பாலிஷ், கொஞ்சம்போல.

வீட்டுக்குள் போய் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "பரவால்லயே. படிக்கிற காலத்துல இப்படி எழுதியிருந்தா நீங்களும் டீச்சரா வந்திருப்பீய."

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும். வருகிற அன்று விடியற்காலையிலேயே வாளிகளோடு நிற்பேன். ஐந்தரைக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். குடிதண்ணீரில் கார் கழுவுகிறான் மனுஷன் என்று எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை முணுமுணுத்தார். காதில் வாங்கவில்லை. ஆனால் எட்டு மணிக்கு வேலை முடிந்துவிடுகிறதே! அதற்குப் பிறகு? மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவைத்துக் காயப்போடுவேன். காய்ந்ததா என்று போய்ப் பார்ப்பேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவேன். ஏதாவது விழுந்திருக்கும். இலை, எச்சம், எறும்பு. எடுப்பேன். உள்ளே வந்து உட்கார்ந்தால் திரும்ப ஏதோ விழுந்த சத்தம் கேட்ட மாதிரி இருக்கும்.

கவர் வாங்கிப் போட்டேன். ஆடிக் காற்று அடித்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று சாமானியமாக அடிக்காது. கவர் படபடவென்று அடித்து, உள்ளே புகுந்த புழுதியோடு சேர்ந்து அதுவே வண்டியைத் தேய்க்கிறது என்று கண்டுபிடித்தேன். கவரைக் கழற்றினேன். புழுதி. மாட்டினேன். காற்று. ஒரே நாளில் நான்கு தடவை கழற்றி மாட்டிய நாள் உண்டு. என் மனைவி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்கு நாங்கள் ஆட்டோவில்தான் போனோம். பளபளவென்று நிற்கிற வண்டியைத் தாண்டி, கேட்டைச் சாத்திவிட்டு, தெருமுனையில் வெயிலில் நிற்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவே வரவில்லை. அவள் பட்டுச்சேலை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"காரு வச்சிருக்கவங்க நாமதான்" என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி.

தை மாதம் மாமரம் பூத்தது. அந்த மரம் என் மனைவி வைத்தது. மகள் பத்தாவது படிக்கும்போது, சாப்பிட்டுப் போட்ட கொட்டையிலிருந்து முளைத்ததைப் பிடுங்கி நட்டாள். பூக்கிற காலத்தில் அதில் ஒரு சின்னப் பூச்சி உட்காரும். அது விடுகிற பிசின் இலையிலிருந்து தூறல் மாதிரி இறங்கும். காலையில் பார்த்தால் வண்டியின் மேல் முழுக்கப் பிசுபிசு. அதில் தூசி ஒட்டி, வெயிலில் இறுகி, ஷாம்புக்கும் அசையாது. மூன்று நாள் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். நான்காவது நாள், அவள் பள்ளிக்கூடம் போனதும், ஏணியைச் சாய்த்து, ரம்பத்தை எடுத்து, வண்டிக்கு மேலே நீண்டிருந்த பெரிய கொப்பை அறுத்துப் போட்டேன். அறுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் மனசு ஒரு நிலையில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 

சாயங்காலம் வந்தவள் கேட்டைத் திறந்து அப்படியே நின்றாள். வெட்டிய கொப்பு பூவோடு தரையில் கிடந்தது. இன்னும் வாடவில்லை. தேனீ ஒன்றிரண்டு அதைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"பூத்து நிக்க கொப்பயா வெட்டுனீய?"

"பிசினு சொட்டுதுல்லா. பெயிண்ட் போயிரும்."

"வண்டிய ரெண்டடி தள்ளி நிப்பாட்டுனா போதாதா?"

"நான் எப்படி நிப்பாட்ட? சாவி உங்கிட்டல்லா இருக்கு."

அவள் பையை வாசல்படியில் வைத்தாள். குனிந்து ஒரு பூங்கொத்தை ஒடித்துக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "நிக்க வண்டிக்குக் காவக்காரன், காய்க்க மரத்துக்கு எமன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பத்து நாள் என்னிடம் சாப்பாட்டைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் மட்டும் பேசினாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவது ஆறரை மணி ஆயிற்று. ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். ஐந்தாம் வகுப்புக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸ் என்று நான் கேட்கவில்லை. என் கவனம் அப்போது பானெட்டில் இருந்த வட்டக் கீறல்களில் இருந்தது. அதைப் போக்க வேண்டும். ரப்பிங் காம்பவுண்டு என்று ஒரு பசை உண்டு. பாய் அதைத் தொடாதீங்க என்று சொல்லியிருந்தார். இருந்தாலும் ஒரு நாள் ஹைகிரவுண்டு பக்கம் ஒரு கடையில் போய் வாங்கினேன்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மணி ஐந்தரை இருக்கும். சிவப்பு எல் எழுத்து போட்ட சின்னக் கார் ஒன்று நத்தை மாதிரி வந்தது. வந்து, சரியாகச் சாலையின் நடுவில் குலுங்கி அணைந்துபோனது. அதற்குப் பின்னால் ஒரு பஸ். டிரைவர் ஹாரனை அழுத்தி எடுக்கவே இல்லை. எல் போர்டைக் கண்டால் நானும் அதைத்தான் செய்வேன், செய்திருக்கிறேன், ஆயிரம் தடவை. கிளட்ச்சை முழுசா மிதிக்காம எடுக்கான் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே பார்த்தால், உள்ளே பச்சைச் சேலை. காலையில் என் கண் முன்னால் மடிப்பு வைத்துக் கட்டிய அதே பச்சைச் சேலை. பற்களைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியின் மேல் நெற்றி இடிக்கிற மாதிரி குனிந்து, என் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் பெண் ஒருத்தி ஏதோ சொன்னாள். இவள் தலையை ஆட்டினாள். வண்டி உறுமியது, ஒரு குதி குதித்தது, போய்விட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

பஸ்காரனைப் பார்த்து, "பொறும்வே, என்ன அவசரம்?" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. எனக்கு வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

பெருமையாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது பொறாமை. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கு முப்பத்தோரு வருடம் அந்தச் சாலை. அவள் உள்ளே இருக்கிறாள், நான் ஒரு பசை டப்பாவோடு ஓரத்தில் நிற்கிறேன். அவள் என்னிடம் சொல்லவில்லை என்பது இரண்டாவது. என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் முதலாவது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் பசையைத் துணியில் எடுத்து பானெட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். கீறல்கள் மறைந்தன. இன்னும் தேய்த்தேன். அவள் வந்தாள், விளக்கைப் போட்டாள், காபி வைத்தாள். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் பானெட்டின் முன் விளிம்பில் கையகலத்துக்கு மங்கிப்போய், பூ விழுந்த கண் மாதிரி இருந்தது. பாலிஷ் போட்டும் பளபளப்பு வரவில்லை.

பாய் வந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அண்ணாச்சி, தேச்சுத் தேச்சு தோலையே எடுத்துட்டீயளே. வெயிலு மழைகூட இவ்வளவு செஞ்சிருக்காது."

"இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாதீங்க. அதுதான் செய்யணும். கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரிங்க."

அதைத்தானே என்னால் செய்ய முடியவில்லை.

சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அவள் ஒரு அட்டையை வைத்தாள். லைசென்ஸ்.

"வந்துட்டு" என்றாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஹைகிரவுண்டுல பாத்தேன். கிளட்ச்ச முழுசா மிதிக்க மாட்டேங்க."

"பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லலயே?"

"நீ மட்டும் சொன்னியா?"

இரண்டு பேரும் இட்லியைத் தின்று முடித்தோம். பிறகு அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். நான் கேட்டைத் திறந்தேன். வண்டி பின்னால் வர வேண்டும். நான் தெருவில் நின்று, "வா, வா, பைய வா, ரைட்ல ஒடி" என்று கையைக் காட்டினேன். பஸ்ஸுக்குக் காட்டுவது மாதிரி பெரிதாகக் காட்டியிருப்பேன். அவள் என்னைப் பார்ப்பதா, கண்ணாடியைப் பார்ப்பதா என்று தடுமாறினாள். இடது பக்கக் கதவு கேட் தூணில் உரசி, கரகரவென்று ஒரு சத்தம். அவள் பயந்து இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தாள். கோடு இன்னும் நீண்டது. வண்டி அணைந்தது.

நான் ஓடினேன். இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரு முழத்துக்கு மேல் கோடு. நீலம் போய், அடியில் சாம்பல் நிறம் போய், தகரமே வெள்ளையாகத் தெரிந்தது. விரலை வைத்துத் தடவினேன். பிறகுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஒனக்கு ஒண்ணும் இல்லயே?" என்றேன்.

அவள் இறங்கினாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க முதல்ல எங்கன பாத்தீயன்னு நான் பாத்தேன்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் சொன்னாள். "வச்சுக்கோங்க. தொடச்சிக்கிட்டே இரிங்க."

வண்டியைத் தெருவில் சும்மா விட முடியாதே. அதனால் நானே ஏறி முன்னால் எடுத்து உள்ளே நிறுத்தினேன். பத்தடிதான். ஆனால் நான்கு வருடத்துக்குப் பிறகு என் கால் கிளட்ச்சைத் தொட்டது.

சாவி இப்போது என்னிடம். டீவி மேஜைமேல் கிடந்தது. வாரம் முழுக்க அதைத் தாண்டித்தான் நடந்தேன். கழுவுகிற நாளில் கழுவவில்லை. கோட்டைப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பக்கம் போகவில்லை. வேறு எங்கேயும் போகவும் தோன்றவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள், சமைத்தாள், விடைத்தாள் திருத்தினாள். மன்னிப்புக் கேட்க நான் இரண்டு தடவை வாயெடுத்து, தண்ணி வந்துட்டா என்று கேட்டு முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். நான் சாவியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றும் தெரியாது. பாய் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கதவைக் காட்டலாம் என்று நினைத்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டைத் திறந்தேன், பின்னால் எடுத்தேன், தெருவில் திருப்பினேன். பட்டறையைத் தாண்டினேன். நிறுத்தவில்லை. கை எல்லாவற்றையும் தானாகச் செய்தது. பெரிய சாலையில் ஏறி, மூன்றாவது கியர் போட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது. பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகப் போகும்போது முதுகில் வேர்த்தது. ஏசி ஓடுகிறது, வேர்க்கிறது. கை குளிர்ந்தது. சர்க்கரைதானா, பயமா? காலையில் மாத்திரை போட்டேன், இட்லி சாப்பிட்டேனா? ஞாபகம் இல்லை. முன்னால் சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கல்லிடைக்குறிச்சி வாய்க்கால் ஓரம் கண் முன்னால் வந்துவிட்டது. ஓரமாக ஒதுக்கி, நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைப் பிடுங்கிப் பின் சீட்டில் எறிந்தேன். அவளுக்குப் போன் பண்ணினேன்.

"எங்கன இருக்கீய?"

சொன்னேன்.

"கதவத் தொறந்து வச்சுக்கிட்டு அப்படியே இரிங்க. இறங்கி நடக்காதீங்க. போன வைக்காதீங்க."

பதினைந்து நிமிடத்தில் ஆட்டோவில் வந்தாள். ஈரத் தலையில் துண்டு, வீட்டுச் சேலை, கையில் சீனி டப்பாவும் ஸ்பூனும். டப்பாவோடு கொண்டுவந்திருந்தாள். இரண்டு ஸ்பூன் சீனியை வாயில் போட்டு, என் கழுத்தையும் நெற்றியையும் தன் துண்டால் துடைத்தாள். வண்டியைத் துடைத்துத் துடைத்து மரத்துப்போன எனக்கு, துடைப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது. 

"அன்னைக்கு நான் முதல்ல உன்னத்தான் பாத்திருக்கணும்" என்றேன்.

"வாயில சீனிய வச்சிக்கிட்டுப் பேசாதீங்க. பொறையேறும்."

கொஞ்ச நேரம் கழித்து, "நகருங்க" என்றாள்.

இறங்கி, சுற்றி வந்து, இடது பக்கம் உட்கார்ந்தேன். அவள் பின் சீட்டில் துழாவிச் சாவியை எடுத்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரி செய்தாள். கிளட்ச்சை முழுசாக மிதித்தாள், நான் பார்க்கிறேனா என்று ஒரு ஓரப்பார்வை. வண்டி குலுங்காமல் கிளம்பியது. இரண்டாவது கியரிலேயே வீடு வரை வந்தோம். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. நான் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "போம்வே, ரோடு பூரா ஒனக்குத்தானா?" என்று கத்தினேன். அன்றைக்குத் தடையில்லாமல் வந்தது.

கேட்டுக்கு முன்னால் நான் கையைக் காட்ட இறங்கப் போனேன். "உக்காருங்க" என்றாள். தானே இறங்கி, கேட்டை முழுக்கத் திறந்து, தூணுக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடம் என்று கையை விரித்து அளந்து பார்த்து, திரும்ப ஏறி, உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் மகளை வீடியோவில் கூப்பிட்டு அவளே கதவைக் காட்டினாள். "ஏ அம்மா, நீயா ஓட்டுன? நீயா?" என்று மூன்று தடவை கேட்டாள் மகள். கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் வண்டியை எடுத்த கதையைச் சொன்னபோதுதான் சத்தம் போட்டாள். வாங்கிக்கொண்டேன்.

கோட்டைச் சரி செய்ய இரண்டு கதவையும் முழுசாகப் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார் பாய். அப்படி அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் வேறு நீலமாகத் தெரியும். துருப்பிடிக்காமல் இருக்க வெள்ளை தெரிந்த இடத்தில் மட்டும் தொட்டு அடைத்துத் தரச் சொன்னேன். அடைத்துத் தந்தார்.

இப்போது வாரம் ஒரு முறைதான் கழுவுகிறேன், சனிக்கிழமை காலையில். அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்கிறேன். நாங்குநேரியில் அவள் அக்கா வீட்டுக்கு நாற்கர சாலையில் போய் வந்தோம். லாரி முந்தும்போது அவள் பதறாமல் இடது பக்கம் ஒதுங்கி வழி விடுகிறாள். நான் அப்படி விட்டதில்லை. ஆனால் என் வலது கால் தரை விரிப்பை அழுத்துவது நிற்கவில்லை. போகிற தூரம் முழுக்க அழுத்திக்கொண்டுதான் போகிறேன்.

போன மாதம் சபைப் பெண்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நாசரேத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனாள். வண்டியில் எனக்கு இடம் இல்லை. பிஸ்கெட்டையும் மாத்திரையையும் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். நாள் முழுக்க வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்தேன். எட்டு தடவையாவது போன் பண்ணியிருப்பேன். இரண்டு தடவைதான் எடுத்தாள்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தாள். வண்டி ஜன்னல் வரை நாசரேத் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண். உள்ளே நுழையும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். பாதி வழியில் கூட வந்த ஒரு டீச்சருக்கு வாந்தி வந்தது, வழி தவறி ஒரு பனங்காட்டுக்குள் போய்விட்டது, மணலில் சக்கரம் புதைந்தது, பதநீர் இறக்குகிறவர்கள் இரண்டு பேர் ஓலையைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள், நான்கு பெண்களும் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள்.

நான் வாளியை எடுத்துவிட்டேன்.

"நாளைக்குக் கழுவலாம். இங்கன வந்து உக்காருங்க. கேளுங்க, அந்தப் பனங்காட்டுல என்ன ஆச்சுன்னா..."

வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவள் முகத்தைத்தான் பார்த்தேன், பெரும்பாலும். நடுநடுவே கண் அந்தச் செம்மண் பக்கம் போய்விட்டது. காய்வதற்குள் வெறும் தண்ணீராவது அடித்துவிட்டால் நல்லது. சக்கரம் எப்படிப் புதைந்தது என்பதில் பாதிதான் காதில் விழுந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் முதலிலிருந்து சொன்னாள்.